ஆயுத பூஜையன்று ஒழுகிய பம்பு

ஒழுகுகிற எதையாவது கண்டால் எங்கள் வீட்டு ஆண்கள் முதலில் செய்கிற காரியம், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வது. அடுத்து தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒருவர், "இது இங்க இருந்து வரல" என்பார். அவர் சொல்லும் 'இங்க' எது என்றால், கண்ணெதிரே சொட்டிக்கொண்டிருக்கிற அதே இடம்தான். போன வாரம் புனே விமான் நகரில், எங்கள் ஏழாவது மாடிச் சமையலறையில், பாத்திரம் கழுவும் குழாயடியில் என் கணவரும் மகனும் இப்படித்தான் நின்றார்கள். மகன் செல்பேசியில் ஒரு படம் வரைந்து காட்டினான். கணவர் அதில் ஒரு திருத்தம் சொன்னார். எனக்கு டீசல் வாடை அடித்தது. குழாயில் சொட்டியது தண்ணீர்தான். வாடை மட்டும் பழையது, நான் பாவாடை சட்டை போட்டிருந்த காலத்தது.

அப்போது நாங்கள் ஆகுர்டியில் இருந்தோம். அப்பாவுக்கு ஒரு வண்டித் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. பிறர் செய்து அனுப்பிய பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது ஆகாது என்று சொல்லிச் சாக்கட்டியால் வட்டம் போடுவதற்குச் சம்பளம். வட்டம் போட்டுவிட்டால் அவர் பங்கு தீர்ந்தது. மிச்சம் வேறு டிபார்ட்மெண்டின் தலைவலி. வீட்டிலும் சட்டைப் பையில் சாக்கட்டி இருக்கும். சுவரில் விரிசலுக்கு ஒரு வட்டம், குக்கர் கைப்பிடியின் ஆட்டத்துக்கு ஒரு வட்டம், என் கணக்கு நோட்டில் ஏராளமான வட்டங்கள். எங்கள் வீட்டில் வேறு டிபார்ட்மெண்ட் என்றால் அது அம்மா.

அம்மாவின் தம்பி, என் மாமா, கசார்வாடியில் ஒரு பட்டறையில் இருந்தார். இவர் வேறு ரகம். எதையும் முதலில் கழற்றிவிடுவார். எதற்காகக் கழற்றினோம் என்பதை அப்புறம் சாவகாசமாக யோசிப்பார். எங்கள் சுவர்க் கடிகாரம் அவருடைய யோசனை முடிவதற்காக ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இரண்டு வருடம் காத்திருந்தது.

இந்த இருவரும் சேர்ந்து விவசாயம் செய்தார்கள்.

சாக்கணுக்கு அப்பால், அப்பாவுடன் வேலை பார்த்த ஒருவருக்கு நிலம் இருந்தது. அதைக் குத்தகைக்கு எடுத்தார் அப்பா. இரும்பையும் தகட்டையும் நிராகரித்து அலுத்துப்போய், உயிருள்ள ஏதாவது ஒன்றை நிராகரித்துப் பார்க்க ஆசைப்பட்டார் போல. முதலில் தக்காளி வைத்தார்கள். இலையெல்லாம் சுருண்டது. அப்பா ஒவ்வொரு இலையாகப் பரிசோதித்து, எல்லாமே சுருண்டிருப்பதாக அறிக்கை தந்தார். அடுத்து கொத்தமல்லி, அதை மழை கொண்டுபோயிற்று. மூன்றாவதாக வெங்காயம்.

அம்மா சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரி. மாடு கட்டி இறைக்கிற கமலை, கிணறு, களை என்று வளர்ந்தவள். "இனிமே கிணத்த எட்டிப் பார்க்க வேண்டாம்னுதான் ஆகுர்டி மாப்பிள்ளைக்குத் தலையாட்டினேன். இங்கயும் ஒரு கிணத்தடியில கொண்டுவந்து நிறுத்திட்டீங்களே" என்பது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் சொல்கிற வாசகம். கடைசியில் அந்த வருடம் நாற்று விடும்போது, சாமி படத்துக்கு முன்னால், மாமாவைச் சாட்சியாக வைத்து, அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்: இந்த வெங்காயமும் போனால் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், பிறகு அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்.

எனக்குப் பதினோரு வயது. அந்த வெங்காயம் செத்துப்போக வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டேன். என்னைக் கொடூரமான குழந்தை என்று நினைத்துவிட வேண்டாம். என் வகுப்பில் எல்லோரும் ஞாயிறு காலையில் தொலைக்காட்சி பார்த்தார்கள். நான் டீசல் பம்பின் கைப்பிடியைச் சுற்றினேன், அவ்வளவுதான். அம்மா என் கட்சி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நவராத்திரியில் கொலுவுக்கு முன்னால் அவள் கண்ணை மூடி வெகுநேரம் நின்றபோதெல்லாம், பக்கத்தில் நின்று நானும் அதே வேண்டுதலை அம்பாளிடம் வழிமொழிந்தேன்.

பம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிணற்றில் மின்மோட்டார் உண்டு. ஆனால் ஊரின் மின்சாரத்துக்கு எப்போது வர வேண்டும் என்பதில் சொந்த அபிப்பிராயம் இருந்ததால், ஒரு டீசல் என்ஜினும் வைத்திருந்தார்கள். டீசல் பெரிய டிரம்மில் கொட்டகைக்குள் நிற்கும். டிரம்மின் வாயில் திருகி வைத்த கைப்பம்பு. கைப்பிடியைச் சுற்றினால் டீசல் மேலே ஏறி, வளைந்த மூக்கு வழியாகக் கேனில் விழும். கேனைத் தூக்கிப்போய் என்ஜினில் ஊற்ற வேண்டும். மாமா தன் பட்டறையில் யாருக்கும் வேண்டாமல் கிடந்ததைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். யாருக்கும் ஏன் வேண்டாமல் போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. சுற்றுகிற வேலைக்கு மூளை அவசியமில்லை என்று அப்பாவும் மாமாவும் ஒருமனதாக முடிவு செய்து அதை என்னிடம் ஒப்படைத்தார்கள். அவர்கள் ஒருமனதாக எடுத்த முடிவு வேறு எதுவும் எனக்கு ஞாபகமில்லை.

பம்பு சில வாரங்களாகவே கசிந்துகொண்டிருந்தது. அப்பா அதைக் கவனித்திருந்தார். கவனித்ததற்கு அடையாளமாக அதன் உடம்பில் சாக்கட்டி வட்டம் இருந்தது.

அந்த வருடம் ஆயுத பூஜை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. வெங்காய நாற்றைப் பிடுங்கி நட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. வேர் இன்னும் மண்ணைப் பிடிக்கவில்லை. மழை விடைபெற்றுக்கொண்டு, புனேயில் அக்டோபர் வெயில் தன் குணத்தைக் காட்டத் தொடங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை ஊர் டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது. தசரா முடிந்துதான் ஆள் வரும் என்று சொல்லிவிட்டார்கள்.

நாங்கள் காலையில் போய் இறங்கியதும், முதலில் பூஜை. கொட்டகையைக் கூட்டி, சிவப்புத் துணி விரித்து, மண்வெட்டி, அரிவாள், சுத்தியல், திருப்புளி, மாமாவின் ஸ்பேனர் செட் முழுவதையும் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக அடுக்கினாள் அம்மா. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். டிரம்முக்கும் பம்புக்கும் பொட்டு, பம்புக்கு ஒரு சாமந்திச் சரமும். என்ஜினுக்குச் சாமந்தி மாலை. பக்கத்தில் டீசல் இருப்பதால் கற்பூரத்தை வெளியே மாமரத்தடியில் ஏற்ற வேண்டும் என்று அப்பா வற்புறுத்தினார். ஆகவே அம்மா மாமரத்துக்கும் கொட்டகைக்கும் நடுவே நின்று, கொட்டகையின் திசையில் கற்பூரத்தைச் சுற்றினாள். பொரி, சுண்டல், வாழைப்பழம். எல்லாம் முறைப்படி, திருப்தியாக நடந்தது.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை மறுபூஜை செய்து எடுக்கும்வரை தொடக் கூடாது. இந்தச் சட்டத்தில் அம்மா இம்மியளவும் விட்டுக்கொடுக்க மாட்டாள். முன்பு ஒரு நவமியன்று சாயங்காலம் மாமா ரகசியமாகத் திருப்புளியை எடுத்து, கட்டைவிரல் நகத்தைப் பறிகொடுத்திருந்தார். அதன்பிறகு இந்தச் சட்டத்துக்கு மேல்முறையீடே கிடையாது.

வாயில் சுண்டலோடு நான் போய்க் கைப்பிடியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். மூக்கிலிருந்து நூல்போல டீசல் வந்தது. வயிற்றிலிருந்து கயிறுபோல வந்தது.

அப்பாவும் மாமாவும் வந்து நின்றார்கள். கைகள் பின்னால் போயின. தலைகள் சாய்ந்தன.

"இது அடியில ஃபிளாஞ்சு, மச்சான்," என்றார் மாமா, பம்பு டிரம்மோடு சேர்கிற வளையத்தைக் காட்டி. "கழட்டி ஒரு கேஸ்கெட் வெட்டிப் போட்டா முடிஞ்சுது."

"இது இங்க இருந்து வரல, மாப்ள," என்றார் அப்பா.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சல். மேலே எங்கோ கசிந்து, உடம்போடு வழிந்து, அடியில் வந்து சொட்டுகிறது. சொட்டும் இடத்தை வைத்துக் கசியும் இடத்தைச் சொல்ல முடியாது. பம்பை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, வெள்ளைப் பொடி தூவி, மெதுவாகச் சுற்றினால் முதலில் எங்கே ஈரம் படிகிறதோ அதுதான் ஓட்டை. தொழிற்சாலையில் இப்படித்தான் வெடிப்புக் கண்டுபிடிப்பார்களாம். வெள்ளைப் பொடிக்கு எங்கே போவது? அப்பா பூஜைத் தட்டைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"விபூதி ஆயுதம் இல்லியே," என்றார் அப்பா.

சட்டப்படி அவர் சொன்னது சரியாகவே இருந்ததால், பம்புக்கு விபூதி அபிஷேகம் நடந்தது. நெற்றியில் குங்குமம், மேனியெங்கும் திருநீறு, கழுத்தில் சாமந்திச் சரம்; அறுபத்துமூவரோடு இன்னொருவராக அது நின்றது. நான் மெதுவாகச் சுற்றினேன். இன்னும் மெதுவாக, என்றார் அப்பா. இன்னும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் வீட்டுப்பாடம் முடித்துவிடலாம் போலிருந்தது. கடைசியில் கைப்பிடியின் தண்டு உள்ளே நுழைகிற இடத்தில், பித்தளை நட்டைச் சுற்றி, திருநீறு கறுத்தது.

அப்பா நிமிர்ந்தார். அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை என் பிறந்தநாள்களில்கூடப் பார்த்ததில்லை. பழைய வட்டத்தை அழித்துவிட்டுப் புதிய வட்டத்தைப் போட்டார்.

"சரி, இப்ப என்ன பண்ணணும்?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமே இல்ல. அந்த நட்டை ஒரு கால் சுத்து முறுக்கணும்."

"எதால?"

மூவரும் சிவப்புத் துணியைப் பார்த்தார்கள். பதினேழாம் நம்பர் ஸ்பேனர் நெற்றியில் குங்குமத்தோடு, மிகுந்த அமைதியாகப் படுத்திருந்தது.

அதன்பிறகு நடந்தது இயந்திரப் பழுது பார்த்தல் என்பதைவிட வழக்காடு மன்றம் என்றால் பொருந்தும். காலையில் ஸ்கூட்டருக்கும் மொபெட்டுக்கும்தானே பூஜை போட்டோம், அவற்றில் ஏறித்தானே வந்தோம், என்றார் மாமா. வண்டி பூஜை முடிந்ததும் ஓட வேண்டியது, கருவி பூஜை முடிந்ததும் ஓய்வெடுக்க வேண்டியது என்று அம்மா தீர்ப்பளித்தாள். அப்படியானால் என்ஜின்? அது வண்டிச் சாதி, ஓடலாம். பம்பு? அதுவும் தன் இடத்தில் இருந்தபடியே வேலை செய்யலாம். ஸ்பேனர்? கூடாது. டிரம்மைக் கவிழ்த்து ஊற்றலாமா என்றால், அது முந்தின வாரம்தான் நிரப்பியது, நாலு பேர் சேர்ந்தாலும் அசையாது. மேலும் பம்பைக் கழற்ற ஸ்பேனர் வேண்டும். டிரம்மின் இன்னொரு சிறிய மூடியைத் திறந்து குழாய் விடலாம் என்றால், அதற்கும் ஸ்பேனர் வேண்டும். மனித நாகரிகம் முழுக்கவே ஸ்பேனரின் மேல்தான் நிற்கிறது என்று நான் தெரிந்துகொண்ட நாள் அது.

பக்கத்து வயல்காரர் வரப்பில் வந்துகொண்டிருந்தார். மராட்டியர். எங்களில் ஆண்பிள்ளையாகப் பிறந்த எல்லோரும் அவருக்கு அண்ணாதான். அப்பாவும் அண்ணா, மாமாவும் அண்ணா. "காய் ஜாலா, அண்ணா?" என்று இருவரையும் பொதுவாகக் கேட்டார். என்ன ஆயிற்று என்று மாமா தன் பட்டறை மராட்டியில் விளக்கிவிட்டு, ஒரு ஸ்பேனர் கிடைக்குமா என்று கேட்டார். அவர் கையை விரித்தார். "பானே பூஜேத் ஆஹேத்." அவர் வீட்டிலும் ஸ்பேனர்கள் பூஜையில் இருந்தன. அவர்களுக்கும் அன்று கண்டே நவமி. ஆயுதங்களைத் தொட மாட்டார்கள். மொழி, உணவு, கிரிக்கெட் எதிலும் ஒத்துப்போகாத இரண்டு மாநிலங்கள் இந்த ஒரு விஷயத்தில் முழுமையாக ஒன்றுபட்டு நின்றன. அவர் எங்கள் பாத்திகளைப் பார்த்தார். மண்ணைக் காலால் கீறினார். இன்று தண்ணீர் போகாவிட்டால், நாளைக்குத் தண்ணீர் விட இங்கே ஒன்றும் இருக்காது என்று சொல்லிவிட்டு, அவருடைய பூரண போளியைச் சாப்பிடப் போனார்.

மாமா செயலில் இறங்கினார். வெறுங்கையால் நட்டை முறுக்கினார்; முகம் சிவந்தது, நட்டு அசையவில்லை. சலவைச் சோப்பைப் பிசைந்து அப்பினார். ஐந்தாவது சுற்றில் சோப்பு நுரைக்காமலே கீழே விழுந்தது. பூஜைப் பையிலிருந்த விளக்குத் திரியை எடுத்துத் தண்டில் சுற்றிப் பார்த்தார். பிறகு கிழிந்த சைக்கிள் டியூபை வாயால் கிழித்து இறுக்கிக் கட்டினார். அது மட்டும் தாங்கியது. கொஞ்ச நேரம் மாமா கொட்டகைக்குள் ஒரு விஞ்ஞானியைப்போல நடமாடினார். டீசல் பட்டால் அந்த ரப்பர் ஊறிப் பெருக்கும் என்று அப்பாவுக்குத் தெரியும். ஆனால் அது பெருத்துப் பல்லிளிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருந்து, பிறகுதான் சொன்னார்.

"தெரிஞ்சா முன்னாடியே சொல்றதுக்கென்ன, மச்சான்?"

"நீ கேக்கலியே, மாப்ள."

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. என் தோள் இரண்டும் கழன்று விழுவதுபோல் இருந்தது. நான் உள்ளுக்குள் மிகுந்த மகிழ்ச்சியோடு இருந்தேன். ஜெயித்துவிட்டோம். இன்னும் ஒரு சில மணி நேரம் இந்த இரண்டு பேரும் இப்படியே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தால் போதும். அம்மாவைத் தேடினேன். அவள் வயலில், வரப்போரமாகக் குனிந்து நின்றாள். ஒரு நாற்றைத் தொட்டாள். துவண்ட தாளை விரலால் தூக்கி நிமிர்த்திப் பார்த்தாள். விட்டதும் அது மறுபடி மடிந்தது. செத்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்கிறாள் என்று நினைத்தேன். நல்ல காரியம்.

அவள் விறுவிறுவென்று கொட்டகைக்கு வந்தாள். பொரி கொண்டுவந்திருந்த அகலமான அலுமினியச் சட்டியை எடுத்து, பொரியைச் செய்தித்தாளில் கவிழ்த்தாள். சட்டியைப் பம்பின் அடியில், சொட்டு விழுகிற இடத்துக்கு நேராக, டிரம்மோடு ஒட்டி வைத்தாள்.

"ம், சுத்து," என்றாள் என்னிடம்.

"அக்கா, அது லீக்கு," என்றார் மாமா பதறிப்போய்.

"டீசல்தானடா ஒழுகுது? பாயசமா ஒழுகுது?"

அப்பா தொண்டையைக் கனைத்தார். "தூசி சேரும். அப்படியே என்ஜின்ல ஊத்த முடியாது." அம்மா அவர் தோளில் கிடந்த துண்டை உருவிக் கேனின் வாயில் கட்டினாள். அப்பாவிடம் வேறு ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை.

"அதில்ல அக்கா, லீக்க சரி பண்ணாம..."

"நாளைக்குப் பண்ணு. யாரு வேண்டாம்னது? இன்னைக்கு எங்க இருந்து வந்தா என்ன, வருதுல்ல?"

நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். எங்கள் கட்சித் தலைவியே இப்படி எதிரணிக்குத் தாவுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவள் என்னைத் தாண்டும்போது முந்தானையைப் பிடித்து இழுத்து, மற்ற இருவருக்கும் கேட்காதபடி சொன்னேன்.

"அம்மா, இது செத்துப்போனா நாம இங்க வரவே வேண்டாம்ல?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபமா, சிரிப்பா என்று சொல்ல முடியாத பார்வை.

"வெங்காயம் உன்னை என்னடி பண்ணுச்சு?" என்றாள். "சுத்து, சுத்து. பேச்சக் குறை."

சுற்றினேன். மூக்கிலிருந்து கொஞ்சம், வயிற்றிலிருந்து நிறைய. சட்டி நிறைந்தது. துண்டில் வடிந்து கேன் நிறைந்தது. அடுத்த சட்டிக்கு என் கைகள் மறுத்துவிட்டன. அப்போது அப்பா வந்தார். சாக்கட்டியைச் சட்டைப் பையில் போட்டார். கைப்பிடியை என்னிடமிருந்து வாங்கிச் சுற்றத் தொடங்கினார். அம்மா எதிரே குந்தி உட்கார்ந்து சட்டியை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் பூஜைப் புடவையில் டீசல் தெறித்தபோது மட்டும் அப்பா நிறுத்தினார். அவள் தலையை அசைத்தாள். அவர் மறுபடி சுற்றினார்.

மாமா கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். என்ஜின் இருமியது, கறுப்பாகத் துப்பியது, பிறகு அதன் மாலை அதிர அதிர ஓடத் தொடங்கியது. வாய்க்காலில் நுரையும் சருகுமாகத் தண்ணீர் வந்தது. அப்பா மண்வெட்டியைத் தேடினார். அது பூஜையில் இருந்தது. ஆகவே மூன்று பெரியவர்களும் கையால் மண்ணை அள்ளி அள்ளி மடை மாற்றினார்கள். நான் செய்தித்தாள் மேலிருந்த பொரியைத் தின்றபடி, பறிபோன ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்து மனம் கசந்து உட்கார்ந்திருந்தேன்.

வெங்காயம் பிழைத்தது. நன்றாகவே பிழைத்தது. அதனால் நிலம் எங்களிடமே இருந்தது. அதற்கப்புறம் எத்தனையோ வருட ஞாயிறுகளை அது தின்று தீர்த்தது.

ஆனால் அன்று சாயங்காலம் அதெல்லாம் தெரியாது. மாமா தன் மொபெட்டில் முன்னால் போய்விட்டார். அப்பா ஸ்கூட்டரை ஓட்ட, பின்னால் அம்மா, இருவருக்கும் நடுவில் நான், மூவர் மேலும் டீசல் வாடை. சாக்கண் தாண்டியதும் அம்மா ஆரம்பித்தாள். ஒழுகுற பம்பத் தெரிஞ்சே வெச்சுக்கிட்டு வாரக்கணக்கா வட்டம் போடுற மனுசன இந்த உலகத்துல பார்த்ததில்லை. நல்ல நாளும் அதுவுமா ஒரு பட்டுப்புடவை போச்சு. ஒருத்தன் கழட்டுவான், ஒருத்தர் கைகட்டி நிப்பாரு, நடுவுல பச்சப்புள்ள தோளு போகும். அடுத்த வருசம் வெள்ளாமைன்னு வாயத் திறந்து பாருங்க, அப்ப இருக்கு. அப்பா ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார். இந்திராயணிப் பாலத்தின் மேல் காற்று ஒரு வாக்கியத்தை அடித்துக்கொண்டு போய்விட, அம்மா அதை மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அதற்கும் "ம்" என்றார்.

நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு, குரலைக் கொஞ்சமும் இறக்காமல், "மேக்குப் பாத்தியில தண்ணி ஏறவே இல்ல, பார்த்தீங்களா? வரப்பு மேடா இருக்கு, நாளைக்கு வெட்டி விடணும்" என்றாள்.

"வெட்டி விட்டுரலாம்," என்றார் அப்பா. அவர் முதுகு லேசாகக் குலுங்கியது.

"என்ன சிரிப்பு?" என்று அம்மா மறுபடி பட்டுப்புடவையிலிருந்து தொடங்கினாள். ஆகுர்டி வரும்வரை நிறுத்தவில்லை. நான் அதைச் சண்டை என்றே நினைத்துக்கொண்டு, இருவருக்கும் நடுவில் நசுங்கியபடி, யார் பக்கம் சேரலாம் என்று வழி நெடுக யோசித்துக்கொண்டே வந்தேன்.